கண்ணாடி பார்த்து வாங்கிய கித்தார்

நவம்பர் 3, ஞாயிறு

இன்று ஆராதனை முடிந்ததும் எட்வின் என் நாற்காலியைப் பிடுங்கிவிட்டார். இதற்கு நாகரிகமான வேறு வார்த்தை தேடப் போவதில்லை.

பாடகர் குழு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. குரலில் தேன் ஒழுகச் சொன்னார்: "தெபோராக்கா, இனிமே நீங்க ஆல்டோ வரிசையில நின்னு பாடுங்க. உங்க கட்டைக் கித்தார் சத்தம் பின்வரிசைக்கு எட்ட மாட்டேங்கு. கிறிஸ்துமஸ்ல இருந்து எலக்ட்ரிக் கித்தார் வைக்கப் போறோம். எந் தங்கச்சி மவன் ஜோயல் வாசிப்பான்."

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து வாசிக்கிறேன். அதன் சாய்மானம் என் முதுகுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கிறது. வங்கி வேலையில் ஓய்வு பெற்று முந்தாநாள் சென்னையிலிருந்து வந்த மனுஷன், பாடகர் தலைவர் பதவி கிடைத்ததும் என்னை எழுப்பி நிற்க வைக்கிறார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு மீன் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

நவம்பர் 5, செவ்வாய்

பழி வாங்குவது கடவுளின் வேலை, மனுஷர் அதில் தலையிடக் கூடாது என்று போன மாதப் பிரசங்கத்தில் குருவானவர் சொன்னார். கடவுளுக்கு எத்தனையோ வேலை. இந்த ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எலக்ட்ரிக் கித்தார்தானே வேண்டும்? நானே வாங்குவேன். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு பாட்டு உண்டு. சங்கத்துக்குச் செயலாளர் நான். அன்றைக்கு எல்லார் முன்னாலும் வாசித்து, எட்வின் முகம் சுருங்குவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். என் நாற்காலியை அவர் கையாலேயே இழுத்துப் போட வைக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் எந்தக் கடையில் வாங்கினாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் காதுக்குப் போய்விடும். ஆன்லைன்தான் சரி.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். இவர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். விசில் ஊதுவது தவிர வேறு சங்கீதம் தெரியாது. "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்றார். பழமொழியில் ஆண்பால்தானே இருக்கிறது என்றேன்.

நவம்பர் 9, சனி

நான்கு நாளாகப் போனில் கித்தார் கித்தாராகப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. எல்லாப் படத்திலும் ஏதோ ஒன்று இடறியது. எவனோ ஒரு பையன் கித்தாரை மாட்டிக்கொண்டு நிற்கிறான், பார்த்தால் எனக்குப் பொருந்தவே இல்லை. இன்று காலை ஒரு சிவப்புக் கித்தார் கண்ணில் பட்டது. பார்த்த மாத்திரத்தில் "இதுதான்" என்று மனசு சொன்னது. பீரோக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது நான் எப்படித் தெரிவேனோ, அச்சு அசல் அப்படியே அந்தப் படத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். மற்றதைவிட விலையும் குறைவு. கூடவே சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் தருகிறார்கள். ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டினார்கள்.

வாங்கிவிட்டேன். என் வளையல் சீட்டுப் பணம். வளையல் இல்லாத கை நன்றாகவே கித்தார் வாசிக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆல்டோ வரிசையில் நின்றேன். முழங்கால் வலி. என் நாற்காலியில் எட்வினின் குடை உட்கார்ந்திருந்தது.

நவம்பர் 16, சனி

கித்தார் வந்துவிட்டது. கொண்டுவந்த தம்பி, "மேடம், உங்க மகனுக்கா?" என்றான். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

கதவைச் சாத்திப் பெட்டியைப் பிரித்தேன். என்ன பளபளப்பு! மடியில் வைத்தேன். ஏதோ தப்பாக இருந்தது. திருப்பி வைத்தேன். அப்போதும் தப்பு. தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே. திருகுகள் எல்லாம் என் முழங்கை இடிக்கும் இடத்தில்.

இவர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கித்தாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏ தெபோ, இது பீச்சாங்கைக்காரனுக்குச் செஞ்சதுல்லா?" என்றார்.

அதைத் தூக்கிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் தெரியும் நான், நான் அல்லவே! வலது இடதாகத் தெரியும் என்று வருஷா வருஷம் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

இவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று அறிவித்தேன்.

நவம்பர் 18, திங்கள்

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஒரு பெண், பூப்போல் பேசினாள். "படத்துல இருக்கிற மாதிரியேதான் பொருள் வந்திருக்கு மேடம். இதுல திருப்பி எடுக்கிற வசதி இல்லைன்னு கீழேயே போட்டிருக்கு." கீழே இருந்தது. எறும்பு எழுத்தில்.

எட்வின் பட்டியலில் இவளையும் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 20, புதன்

தலைகீழாகப் பிடித்து வாசித்துப் பார்த்தேன். விரல் நுனிகள் கன்றிவிட்டன. தெரிந்த பாட்டெல்லாம் தெரியாத பாட்டாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

எட்வினிடம் தோற்றது போதாது என்று ஒரு கண்ணாடியிடமும் தோற்றிருக்கிறேன்.

நவம்பர் 23, சனி

நாளை கோயிலில் அசனம். ஊருக்கே சாப்பாடு. பெண்கள் எல்லாரும் பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினோம். எனக்கு எதிரே எட்வினின் மனைவி எப்சிபா. இத்தனை நாளில் "ஸ்தோத்திரம்க்கா" தவிர அவள் என்னிடம் இரண்டாவது வார்த்தை பேசியதில்லை. புருஷனுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நடக்கிறவள். அவள் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில் நிற்காது.

கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். மழை பெய்கிறது போல மளமளவென்று, ஒரே அளவில் துண்டுகள் விழுந்தன. அப்போதுதான் கவனித்தேன். கத்தி அவள் இடது கையில் இருந்தது.

சமையல் எப்படிப் போகிறது என்று பார்க்க எட்வின் வந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததும் கத்தி வலது கைக்கு மாறியது. அவர் ஒரு தரம் தொண்டையைக் கனைத்ததோடு சரி. அதன்பின் விழுந்த துண்டுகள் எல்லாம் கோணல்மாணல். அவர் போனார். கத்தி திரும்ப இடது கைக்கு வந்தது.

நான் கையில் இருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அந்த முள் அவர் வீட்டிலேயே வளர்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

அசன சாம்பார் அருமை. பந்தியில் எப்சிபா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு முந்திரிக்கொத்து செய்ய ஒத்தாசைக்கு ஆள் இல்லம்மா, ஒரு நாள் வாயேன்" என்றேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். ஆல்டோ வரிசைக்குத் தள்ளியதற்கு என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்.

ஆட்டட்டும், ஆட்டட்டும்.

டிசம்பர் 4, புதன்

எப்சிபா வந்தாள். சிவப்புக் கித்தாரைக் கட்டிலடியிலிருந்து எடுத்துக் கூடத்து நாற்காலியில், ஏதோ மறந்து வைத்ததுபோல வைத்திருந்தேன்.

பாசிப்பருப்பு மாவு உருட்டிக்கொண்டிருந்தோம். அவள் கண் அங்கேயே போய்ப் போய் வந்தது. கடைசியில் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். "இது இடது கைக் கித்தாருல்லாக்கா?" என்றாள்.

"ஆன்லைன்ல தப்பா வந்துட்டு. உனக்கு எப்படித் தெரியும்?"

"காலேஜ் ஹாஸ்டல்ல வாசிச்சேன். அங்க இருந்தது வலது கைக் கித்தார். கம்பியை எல்லாம் கழட்டி மாத்திப் போட்டுக்கிடுவேன்."

"அப்புறம்?"

"கல்யாணம் ஆச்சுல்லா." முந்தானையில் கையைத் துடைத்தாள். "மொத ஞாயித்துக்கிழமையே எங்க வீட்ல அவுக சொல்லிட்டாவ. பீடத்துக்கு முன்னால பீச்சாங்கையாலயா வாசிப்ப, அசிங்கம்னு. வலது கையால வாசிச்சா வாசி, இல்லன்னா வேண்டாம்னாவ. வலது கையால எனக்கு வரலக்கா."

"எடுத்துப் பாரு" என்றேன்.

எடுத்தாள். அந்தக் கித்தார் அவள் மடியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. பூனைக்குட்டி தன் வீட்டுக்கு வந்த மாதிரி. ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி, ஸ்ருதி சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள்.

சுமாராக வாசித்தாள். நடுவில் ஓரிரு இடத்தில் தடுமாறினாள். அடுப்பில் வெல்லப்பாகு கருகிப்போயிருந்ததை இவர் வந்து சொல்லித்தான் கவனித்தேன். பாகின் ஆவி கண்ணில் பட்டுக் கொஞ்சம் கலங்கிவிட்டது.

டிசம்பர் 7, சனி

திட்டம் இதுதான். கேரல் ஆராதனையில் பெண்கள் சங்கப் பாட்டுக்கு எப்சி வாசிப்பாள். எட்வினுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. நான் வாசித்து அவர் முகம் சுருங்குவதைவிட, அவர் மனைவி அவர் வேண்டாம் என்ற கையால், அவர் வேண்டும் என்ற கித்தாரை, என்னிடமிருந்து வாங்கி வாசித்தால்? நினைக்கவே தித்திக்கிறது.

எப்சியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "சங்கத்துக்கு ஆள் வேணும்மா" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிக்கா" என்றாள்.

பாவம், கள்ளங்கபடம் இல்லாதவள்.

டிசம்பர் 12, வியாழன்

ஓயாத மழை. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போய்விட்டது. எப்சி குடையோடு வந்து வாசித்துவிட்டுப் போனாள். புருஷனிடம் பலகாரம் என்று சொல்லிவிட்டு வருகிறாள். எங்கள் வீட்டில் முறுக்கும் அதிரசமும் குவிந்துவிட்டன. இவர் சந்தோஷமாக இருக்கிறார்.

இன்று அவள் எனக்கு ஒரு விரல் நகர்வு காட்டினாள். என் கட்டைக் கித்தாரில் நானும் செய்து பார்த்தேன். இத்தனை வருஷம் அதைத் தப்பாகத்தான் வாசித்திருக்கிறேன் போல. அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

எட்வின் கேட்டார்: "சங்கத்துப் பாட்டுக்கு யாருக்கா வாசிக்கா? உங்க கட்டைக் கித்தாரா?"

"எங்கள்ள ஒரு ஆள் வாசிக்கும்" என்றேன்.

"ஒரு பாட்டுத்தான? தாராளமா" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

சாயங்காலம் கேரல் ஆராதனை. கோயில் நிறைந்து வராந்தாவிலும் ஆட்கள். வாலிபர் சங்கத்துக்கு ஜோயல் வாசித்தான். சத்தம் இருந்தது, பாட்டு இல்லை. அடுத்து எங்களைக் கூப்பிட்டார்கள். எப்சி பச்சைப் பட்டில் எழுந்து முன்னே நடந்தாள். பின்வரிசையிலிருந்து நான் சிவப்புக் கித்தாரைக் கொண்டுபோய் அவள் கழுத்தில் மாட்டினேன். மாட்டும்போது எட்வினைத்தான் பார்த்தேன்.

அந்த முகத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்! வாய் பாதி திறந்து, கையில் இருந்த நிகழ்ச்சி நிரல் சரிந்து, கழுத்து சிவந்து. எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது.

எப்சி இடது கையைக் கம்பிமேல் வைத்தாள். அப்புறம் நான் எட்வினைப் பார்க்க மறந்துவிட்டேன். கோயிலில் குழந்தைகள்கூட அழவில்லை.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் அந்த மனுஷன் எழுந்து முன்னால் வந்துவிட்டார். மைக்கை வாங்கினார். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "எல்லாருக்கும் ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் நாங்க வீட்ல ரகசியமா வச்சிருந்தோம்" என்றார். நாங்களாம்! "எங்க வீட்ல அவங்க திறமையை நான்தான் எப்பவும் ஊக்கப்படுத்துவேன்" என்றார்.

குருவானவர் உருகிப்போய், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு எப்சிபா அம்மாவே வாசிக்கட்டும் என்று அறிவித்தார். எட்வின் என் நாற்காலியைத் தூக்கி முன்னால் போட்டு, கைக்குட்டையால் துடைத்து, மனைவியை அதில் உட்கார வைத்தார்.

ஆம், என் நாற்காலியை அவர் கையாலேயே இழுத்துப் போட வைத்துவிட்டேன். எனக்கல்ல. பழி வாங்கப் போனவள் எதிரிக்கு மாலை போட்டு வந்திருக்கிறேன்.

எப்சி என்னைப் பார்க்கவில்லை. கித்தாரோடு அவர் காரில் ஏறிப் போய்விட்டாள்.

டிசம்பர் 23, திங்கள்

கித்தார் என்னுடையது. திருப்பி வாங்கிவிட முடிவு செய்தேன். கிறிஸ்துமஸ் காலையில் இரண்டு பேரும் வெறுங்கையோடு நிற்கட்டும். எட்வின் குழுப் பயிற்சிக்குப் போகும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன்.

எப்சி கதவைத் திறந்தாள். "வாங்கக்கா. எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆமா" என்றேன். "உம் புருஷன் ஊக்கப்படுத்தின கித்தார்தான அது."

அவள் கோபப்படவில்லை. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். "நீங்க முந்திரிக்கொத்துக்கா என்னைக் கூப்பிட்டீங்க? பதினைஞ்சு பேரு இருக்காங்க சங்கத்துல. எனக்கு மொத நாளே தெரியும்க்கா. அவரை அவமானப்படுத்தத்தான் என்னைய எடுத்தீங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சேவா வந்த?"

"உங்களுக்கு நாற்காலி போச்சு. எனக்குக் கை போச்சுக்கா." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "சோறு போடுறப்ப, பேனா புடிக்கிறப்ப, ஆராதனையில காணிக்கை போடுறப்ப. தொண்டையைக் கனைப்பாரு. அவ்வளவுதான். ஒரு நாளும் அடிச்சதில்ல, வஞ்சதில்ல. அந்தக் கனைப்பு சத்தத்துக்கே என் கை மாறிக்கிடும். உங்க கோவம் நவம்பர்ல வந்தது. என்னோடது கல்யாணத்தன்னிக்கே வந்துட்டு."

என் கோபம் அவள் கோபத்துக்குப் பக்கத்தில் அங்கன்வாடிப் பிள்ளை மாதிரி நின்றது.

"புதன்கிழமை காலைல மட்டும் கித்தார் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

"என்ன செய்யப் போற?"

"அவரு சொன்னதை அப்படியே செய்யப் போறேன்."

கித்தாரை விட்டுவிட்டு வந்தேன். கேக்குக்கு முட்டை வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

விடியுமுன் ஆராதனை. புதுத் துணி வாசமும் மெழுகுவர்த்தி வாசமும். ஆல்டோ வரிசையில், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எட்வின் வெள்ளைக் கோட்டில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு முன்னால் நின்றார். எப்சி நாற்காலியில். கோயில் மொத்தமும் எழுந்து நின்றது. அவர் கையை உயர்த்தினார். முதல் பாட்டுக்கு முன்வாசிப்பு கித்தார்தான்.

எப்சி கித்தாரை மடியில் அப்படியே திருப்பினாள். மருமகள் மாமியாருக்குக் காபி கொடுக்கிற பணிவோடு நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையால் வாசித்தாள்.

அதை வாசிப்பு என்று சொல்லக் கூடாது. தகரக் கூரையில் பாத்திரம் உருண்டது. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. குருவானவர் கண்ணைத் திறந்தார்.

எட்வின் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி உயர்த்தினார். மறுபடியும் தகரம்.

அவர் குனிந்து, "என்ன செய்யுத நீ?" என்று பல்லைக் கடித்தார். கோட்டில் குத்தின மைக்கை மறந்துவிட்டார். கடைசி வரிசைவரை கேட்டது.

எப்சி எழுந்து நின்றாள். "நீங்கதான சொன்னீங்க, பீடத்துக்கு முன்னால வலது கைதான்னு" என்றாள். அதுவும் அதே மைக்கில் கேட்டது. அவள் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

எட்வின் தொண்டையைக் கனைத்தார். பழக்கம். அந்தக் கனைப்பு ஸ்பீக்கரில் இடிபோல் விழுந்தது. எப்சியின் கை அசையவில்லை.

அவர் குருவானவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்; இந்தத் தடவை யாரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை. "சரி... உன் கையாலயே வாசி" என்றார்.

"எந்தக் கையாலங்க?"

"இடது... இடது கையாலயே வாசி."

எப்சி உட்கார்ந்தாள். கித்தாரைத் திருப்பினாள். வாசித்தாள். நான் ஆல்டோவில் பாடியிருக்க வேண்டும். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான். பச்சையாகச் சொன்னால், பழி தீர்ந்த சந்தோஷம். அது என்னுடையதா அவளுடையதா என்று பிரிக்கத் தெரியவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

எப்சி வந்தாள். கேக் கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கிழமைல இருந்து ரெண்டு நாற்காலி போடச் சொல்லிருக்கேன்க்கா. ஒண்ணு உங்களுது. உங்க கட்டைக் கித்தாருக்கும் ஒரு மைக்கு. சத்தம் எட்டலன்னா மைக்கு வைக்கணும், ஆளை மாத்தக் கூடாது."

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"அவருகிட்ட யாருக்கா கேட்டா?"

சிரித்தோம். இவர் உள்ளேயிருந்து என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றோம்.

நாற்காலியில் உட்கார எனக்கு ஆசைதான். ஆனால் பிடுங்கினவர் கொடுக்காமல் உட்கார மாட்டேன். "எட்வின் வீட்டுக்கு வந்து கூப்பிடட்டும்" என்றேன்.

"வருவாரு" என்றாள் எப்சி, இடது கையால் காபியை எடுத்து.

டிசம்பர் 28, சனி

காலையில் எழுதுகிறேன். சாதாரணமாகக் காலையில் எழுதுவதில்லை. இட்லி ஊற்ற வேண்டும், அரையாண்டுத் தாள் திருத்த வேண்டும், துணி ஊற வைத்தது அப்படியே இருக்கிறது.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. இவர் சன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஏ தெபோ, எட்வின் சார் வந்திருக்காரு. கதவைத் தொறக்கவா?" என்றார்.

"நான் தொறக்கேன்" என்றேன். "கொஞ்சம் எழுத வேண்டியிருக்கு."

மழை தூறுகிறது. குடை கொண்டு வரவில்லை போலிருக்கிறது. கோயிலில் என் நாற்காலியில் வைத்திருந்தாரே, அந்தக் குடை. "தெபோராக்கா" என்று ஒரு தரம் கூப்பிட்டார். குரலில் இன்றைக்குத் தேன் இல்லை. இப்போது இரண்டாம் தரம் கூப்பிடுகிறார்.

பேனாவில் மை நிறைய இருக்கிறது. இந்தப் பக்கம் முடிந்ததும் போய்த் திறப்பேன்.